சொன்னபடி ஒரு கருவி – 7: வாக்குச்சாவடிக்காக ஒரு பெட்டி

ஒரு வாடிக்கையாளருக்கென்றே தனியாக மின்னணுக் கருவி செய்து கொடுக்க முன்வருகிறவர், சர்க்யூட்டைத் தொடுவதற்கு முன் அந்த வாடிக்கையாளரின் அன்றாட நடைமுறையை எழுத்தெழுத்தாகப் படித்திருக்க வேண்டும் என்று சென்ற வாரம் எழுதியிருந்தேன். அந்தப் படிப்பு எவ்வளவு ஆழமாக இருக்க வேண்டும் என்பதற்கு, நாம் எல்லோரும் விரல் வைத்து அழுத்தியிருக்கும் ஒரு கருவியே சாட்சி.

மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தைக் கேட்டவர் இந்தியத் தேர்தல் ஆணையம். யோசனை எழுந்தது 1977இல். வடிவமைக்கும் பொறுப்பு ஐதராபாத்தில் உள்ள இ.சி.ஐ.எல். என்ற பொதுத்துறை நிறுவனத்திடம் போனது. 1979இல் மாதிரி தயாரானது. 1980 ஆகஸ்ட் 6 அன்று அரசியல் கட்சிகளின் பிரதிநிதிகளுக்கு அது செய்து காட்டப்பட்டது. பிறகு தயாரிப்பில் பெங்களூருவின் பாரத் எலெக்ட்ரானிக்ஸும் சேர்ந்துகொண்டது. அங்கே இந்தப் பணியை மேற்பார்வையிட்ட பொறியாளர் எஸ். ரங்கராஜன், நமக்கெல்லாம் எழுத்தாளர் சுஜாதா.

1989-90இல் தயாரான இயந்திரத்தைக் கவனித்துப் பாருங்கள். அதில் இருக்கும் ஒவ்வொன்றுக்கும் பின்னால் வாக்குச்சாவடியின் ஒரு பழக்கம் இருக்கிறது. மின்சாரம் எட்டாத ஊர்களிலும் சாவடி உண்டு, அதனால் பேட்டரி. எழுதப் படிக்கத் தெரியாதவரும் வாக்காளர்தான், அதனால் சின்னத்துக்கு நேராக ஒரு நீலப் பொத்தான். அழுத்தினால் பக்கத்தில் சிவப்பு விளக்கு, கூடவே ‘பீப்’ ஒலி. வாக்கு ரகசியமானது, ஆனால் அதிகாரியின் மேற்பார்வையும் வேண்டும். ஆகவே கருவி இரண்டாகப் பிரிந்து, மறைவுக்குள் வாக்குப்பதிவுக் கருவியும் மேசையில் கட்டுப்பாட்டுக் கருவியுமாக ஐந்து மீட்டர் கேபிளால் இணைந்தது.

அந்தக் கட்டுப்பாட்டுக் கருவியில் உள்ள ‘பேலட்’ பொத்தானை நான் மிகவும் மதிக்கிறேன். அதிகாரி அதை அழுத்தினால்தான் உள்ளே ஒரு வாக்கு, ஒரே ஒரு வாக்கு, பதிவாகும். அடுத்த வாக்குக்கு அவர் மறுபடியும் அழுத்த வேண்டும். காகிதக் காலத்தில் அதிகாரி ஒரு வாக்குச்சீட்டைக் கிழித்துக் கொடுத்த அதே செயல்தான் இது. பழகிய வேலையின் வரிசையைக் கலைக்காமல் புதிய கருவிக்குள் கொண்டுவருவது சுலபமில்லை. தேர்தல் வேலைக்கு வரும் ஆசிரியரும் அரசு ஊழியரும் குறுகிய பயிற்சியிலேயே இதைக் கையாள முடிந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

சாவடியைக் கைப்பற்றிக் கத்தை கத்தையாக முத்திரை குத்தும் கொடுமைக்கும் பொறியாளர்கள் வழி கண்டார்கள். நிமிடத்துக்கு ஐந்து வாக்குகளுக்கு மேல் அந்த இயந்திரம் ஏற்காது. இன்னும் வேகமான ஒன்றைச் செய்யத் தெரியாதவர்களா அவர்கள்? கேட்டவரின் கவலையைப் புரிந்துகொண்டு வேகத்தைக் கட்டிப்போட்டார்கள். நிலைமை மிஞ்சினால் ‘குளோஸ்’ பொத்தானை அழுத்திவிடலாம். அதற்குப் பிறகு எந்த வாக்கும் ஏறாது.

அந்த 1989-90 இயந்திரத்தின் அளவுகளிலும் இதே நிதானம்தான். ஒரு வாக்குப்பதிவுக் கருவியில் 16 பெயர்கள், நான்கைக் கோத்தால் 64. கொள்ளளவு 3840 வாக்குகள். அப்போது ஒரு சாவடிக்கு வழக்கமாக 1500 வாக்காளர்களுக்கு மேல் இருந்ததில்லை என்பதால் இது தாராளம். ஒரு கட்டுப்பாட்டுக் கருவி, ஒரு வாக்குப்பதிவுக் கருவி, பேட்டரி மூன்றும் சேர்ந்து அன்றைய விலை 5500 ரூபாய்.

ஆனால் அந்த இயந்திரத்துக்கு முன்பே, இவ்வளவு கவனத்தையும் மீறி ஒரு பெரிய இடைவெளி விழுந்திருந்தது. 1982 மே மாதம், கேரளத்தின் பரவூர் சட்டமன்றத் தொகுதியில் 50 சாவடிகளில் இயந்திரம் முதன்முதலாகப் பயன்பட்டது. 123 வாக்குகளில் தோற்ற வேட்பாளர் ஏ.சி. ஜோஸ் வழக்குப் போட்டார். 1984இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சாவடிகளில் மறுவாக்குப்பதிவு நடத்தச் சொன்னது. தீர்ப்பு சட்டத்தின் மேல் நின்றது. தேர்தல் சட்டமும் விதிகளும் வாக்குச்சீட்டை மட்டுமே அறிந்திருந்தன. அவற்றை மீறி ஆணையம் தன் உத்தரவால் இயந்திரத்தைக் கொண்டுவர முடியாது என்பது முடிவு.

ஆணையம் கேட்டதைப் பொறியாளர்கள் செய்தார்கள், ஆணையமும் ஏற்றுக்கொண்டது. ஆனால் அந்த ஏற்புக்குச் சட்டத்தில் இடம் இருக்கவில்லை. தனிக் கருவிக்கான ஒப்பந்தம் போடும் எவரும் முதல் நாளே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இதில் இருக்கிறது: நீங்கள் சரி என்று சொல்லிவிட்டால் போதுமா, உங்களுக்கு மேல் யாராவது சொல்ல வேண்டுமா? மருத்துவக் கருவி, எடைக் கருவி, ரயில்வே சிக்னல் எல்லாவற்றிலும் இந்த ‘மேல்’ உண்டு. தேவைப் பட்டியலின் முதல் பக்கத்திலேயே அதற்கு இடம் ஒதுக்க வேண்டும்.

1988 டிசம்பரில் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் இயந்திரத்துக்கு இடம் தரும் 61ஏ பிரிவு சேர்ந்து, 1989 மார்ச் 15 முதல் நடைமுறைக்கு வந்தது. கட்சிகளிடையே பொதுக்கருத்து உருவாக மேலும் காலம் பிடித்தது. 1998 நவம்பரில் மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், டெல்லியில் 16 தொகுதிகள்; 2001இல் தமிழகச் சட்டமன்றத் தேர்தல் முழுவதும்; 2004இல் 543 மக்களவைத் தொகுதிகளும்.

பிறகு அதே வாடிக்கையாளரிடமிருந்து அடுத்த தேவை வந்தது. வாக்காளர் தன் வாக்கைக் காகிதச் சீட்டில் கண்ணால் பார்க்க வேண்டும். அச்சு இயந்திரம் என்றதும் வெயிலும் ஈரமும் குளிரும் கணக்கில் வந்துவிடுகின்றன. 2011 ஜூலையில் லே, ஜெய்சல்மேர், சிரபுஞ்சி, திருவனந்தபுரம், டெல்லி ஆகிய ஐந்து இடங்களில் மாதிரியைச் சோதித்தார்கள். குறைகளைத் திருத்தி 2012இல் மறுபடியும் சோதித்தார்கள். 2013 பிப்ரவரியில் நிபுணர் குழு வடிவமைப்புக்கு ஒப்புதல் அளித்தது.

இம்முறை பயன்பாட்டுக்கு முன்பே விதி மாறியது. 2013 ஆகஸ்ட் 14 அன்று தேர்தல்களை நடத்தும் விதிகள் திருத்தப்பட்டன. செப்டம்பர் 4 அன்று நாகாலாந்தின் நோக்சென் தொகுதி இடைத்தேர்தலில் அந்தச் சீட்டு முதல்முறையாக அச்சாகி, ஏழு விநாடிகள் கண்ணாடிக்குள் தெரிந்தது.

(அடுத்த வாரம்: மாதிரியிலிருந்து ஆலைக்கு)