வள்ளம் எட்டாத குமரிமுனை

கடியப்பட்டணத்துக் கடற்கரையில் நின்று பார்த்தால் ஒரு பக்கம் முட்டம் முனையின் பாறைகளும் செம்மண் மேடும் தெரியும். மறுபக்கம் வேளிமலையிலிருந்து வரும் வள்ளியாறு கடலைச் சேர்கிறது. திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரி வரை படகிலேயே செல்ல ஒரு நீர்வழி வேண்டும் என்று திருவிதாங்கூர் அரசு ஒரு காலத்தில் திட்டமிட்டது. அது நிறைவேறாமற் போனது ஏன்? விடையின் ஒரு பகுதி இந்தப் பாறையிலும் ஆற்றுவாயிலும் இருக்கிறது.

அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய் என்பது அதன் முழுப்பெயர். அனந்தபத்மநாப சுவாமி, இங்கிலாந்து அரசி விக்டோரியா, அரசர் உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மா ஆகிய மூவர் பெயரும் அதில் அடங்கும். வேலை தொடங்கியது 1860-இல். ஊர் மக்கள் இவ்வளவு நீளப் பெயரைச் சுமப்பதில்லை, ‘ஏ.வி.எம். சானல்’ என்று முடித்துவிடுகிறார்கள்!

அக்காலத்தில் நீர்வழிக்கு ஏன் அத்தனை மதிப்பு? தரையில் உருளும் சக்கரத்தைவிட, அமைதியான நீரில் மெதுவாக நகரும் படகுக்குத் தடை மிகக் குறைவு. இங்கிலாந்துக் கால்வாய்களில் ஒரே குதிரை 25 முதல் 30 டன் வரை ஏற்றிய படகை இழுத்துச் சென்றது. நம் கரையிலோ குதிரையும் தேவையில்லை; கழி ஊன்றித் தள்ளினால் வள்ளம் போகும். தென்மேற்குப் பருவக்காற்றில் கடல் கொந்தளிக்கும் மாதங்களிலும் உள்நாட்டு நீர்வழி ஓயாது.

திருவனந்தபுரத்துக்கு வடக்கே இயற்கையே பாதி வேலையைச் செய்து வைத்திருந்தது. அங்கே கடலுக்கும் நிலத்துக்கும் இடையே அஷ்டமுடி, வேம்பநாடு போன்ற காயல்கள் வரிசையாகக் கிடக்கின்றன. அவற்றை இணைத்தால் போதும். 1820-களில் பார்வதி புத்தனாறு வெட்டப்பட்டது. பின்னர் வர்க்கலைக் குன்றையே குடைந்து படகுக்கு வழி செய்தனர்.

தெற்கே பூவாறைத் தாண்டினால் நிலைமை வேறு. பெருங்காயல்கள் இல்லை. மலை கடலை நெருங்கி வருவதால் ஆறுகள் குறுகியவை. முட்டம் போன்ற இடங்களில் பாறை கடல்வரை நீள்கிறது. ஆகவே ஏறக்குறைய முழு வழியையும் மனிதனே வெட்டவேண்டும். மணலும் விடுவதில்லை. அலைகள் ஒதுக்கும் மணல் கோடையில் சிற்றாறுகளின் வாயை அடைத்துத் திட்டாகிறது. இதைப் ‘பொழி’ என்பர். மழையில் ஆறு பெருகினால் பொழி உடையும். பொழி அடைத்திருக்கையில் உள்ளே நீர் தேங்கும்; உடைந்ததும் சட்டென்று வடியும். கால்வாய்க்கு வேண்டியதோ ஒரே மட்டத்தில் நிற்கும் நீர். குமரிமுனையை இக்கால்வாய் எட்டவேயில்லை.

வெட்டிய துண்டுகளைக் காண விரும்புவோர் கடியப்பட்டணத்திலிருந்து சைக்கிளில் மேற்கே புறப்படலாம். வழியில் மணவாளக்குறிச்சி. இங்கிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலில்தான், 1909-இல் ஷாம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலார் மோனசைட்டைக் கண்டார். அது தோரியம் தரும் கனிமம். அடுத்து வரும் மண்டைக்காட்டுக்கும் குளச்சலுக்கும் இடையே கால்வாய், கடற்கரைக் குடியிருப்புகளுக்குப் பின்புறமாகச் செல்கிறது. இங்கே சைக்கிளை விட்டிறங்கி நடப்பதே நல்லது. பல இடங்களில் ஆகாயத்தாமரையும் கழிவுநீரும்தான் கண்ணில் படும். தேங்காய் மட்டை ஊறும் இடம் வந்தால் மூக்கே சொல்லிவிடும். நார்களைப் பிணைக்கும் பெக்டினை நுண்ணுயிர்கள் சிதைக்கும்போது வெளிவரும் ஹைட்ரஜன் சல்பைடுதான் அந்த நாற்றம்.

கடலுக்கும் உள்நிலத்துக்கும் நடுவே கிடப்பதால் இக்கால்வாய்க்குத் துயரமான ஒரு நினைவும் உண்டு. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தபோது, குளச்சல், கொட்டில்பாடு பகுதியில் மேட்டை நோக்கி ஓடிய மக்களுக்குக் குறுக்கே நின்றது இதுதான். நீரும் சேறும் நிறைந்த பள்ளத்தில் சிக்கி மாண்டவர் பலர். கடலோரத்தில் அகழி போன்ற நீர்நிலை இருந்தால், அதைக் கடக்கப் பாலங்கள் எங்கெங்கே வேண்டும் என்பதையும் சேர்த்தே திட்டமிடவேண்டும் என்பது என் கருத்து. இந்தக் கரையில் நடக்கும்போது ஒரு பாலத்திலிருந்து அடுத்ததற்கு எத்தனை அடி என்று எண்ணிப் பாருங்கள்.

படகில் போக ஆசையுள்ளவர்கள் பூவாறு வரை செல்லவேண்டும். நெய்யாற்றின் முகத்துவாரத்தில் சுற்றுலாப் படகுகள் ஓடுகின்றன. பூவாறிலிருந்து இரையுமன்துறை வரையுள்ள 11 கி.மீ. துண்டு, 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 13-ஆம் எண் தேசிய நீர்வழி.