ஆக்ஸிலேட்டரை மிதித்தால் ஏன் அந்த உறுமல்?

வடசென்னைக்காரர்களுக்கு எஞ்சின் சத்தம் புதிதல்ல. 1948-இல் அசோக் மோட்டார்ஸ் என்ற பெயரில் தோன்றிய நிறுவனம் எண்ணூரில் முதலில் ஆஸ்டின் கார்களைப் பூட்டி விற்றது. பின்னர் அசோக் லேலண்டாகி லாரிகளும் பேருந்துகளும் செய்தது. 1955-இல் உருவான என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் திருவொற்றியூரில் புல்லட் மோட்டார் சைக்கிள்களைச் செய்யலாயிற்று. துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகளின் இரைச்சலுக்கிடையே படித்து வளர்ந்தவன் நான். அப்படியிருந்தும், என் சொந்தக் கார் போட்ட ஒரு சத்தத்தை மூன்று வாரம் பொருட்படுத்தாமல் விட்டுவிட்டேன்.

பழைய மாருதி 800 அது. நிற்கும்போது சாதுவாக இருக்கும். லாரி ஒன்றை முந்துவதற்காக ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் ‘பர்ர்’ என்று உறுமும். காலை எடுத்தால் அடங்கிவிடும். “வீல் பேரிங் போயிடுச்சு சார்” என்றார் ஒரு மெக்கானிக். கியர்பாக்ஸைப் பிரிக்க வேண்டும் என்றார் இன்னொருவர். இரண்டும் செலவு பிடிக்கும் வேலை. அலைகளைப் பற்றி வகுப்பில் பாடம் நடத்துகிறவன் இதைக் காதால் மட்டும் கேட்டு ஊகிப்பதா என்று எனக்கே சற்று வெட்கமாக இருந்தது.

நான்கு வீச்சு எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுழற்சிக்கு ஒரு முறை எரிபொருளை வெடிக்கச் செய்கிறது. புல்லட்டுக்கு ஒரே சிலிண்டர். அது நிமிடத்துக்கு 1,000 முறை சுழன்றால் நிமிடத்துக்கு 500 வெடிப்பு, அதாவது வினாடிக்கு எட்டு. நம் செவி இத்துடிப்புகளைத் தனித்தனியே பிரித்தறிகிறது. புல்லட்டின் ‘டப் டப்’ இதுதான். வினாடிக்கு 20-க்கு மேல் போனால் துடிப்புகள் ஒன்று சேர்ந்து ஒரே தொனியாகக் கேட்கும். மாருதி 800-க்கு மூன்று சிலிண்டர்கள். ஆகவே ஒரு சுழற்சிக்கு ஒன்றரை வெடிப்பு. நிமிடத்துக்கு 2,000 சுழற்சி என்றால் வினாடிக்கு 50 துடிப்பு.

சக்கரக் கணக்கு வேறு. அந்தக் காரின் சக்கரச் சுற்றளவு ஏறத்தாழ 1.6 மீட்டர். மணிக்கு 40 கிலோமீட்டர் என்பது வினாடிக்கு 11 மீட்டர். ஆகவே சக்கரம் வினாடிக்கு ஏழு முறை சுழலும், எந்தக் கியரில் போனாலும்! எஞ்சினோ கியருக்குக் கியர் வேகம் மாறும். இதில்தான் சோதனைக்கு வழி இருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அதிகாலை, ஆளில்லாத சாலையில் நான் ஓட்ட, பக்கத்தில் மைத்துனர் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டார். ஒலியில் எந்தெந்த அதிர்வெண்கள் உள்ளன என்று வரைபடம் காட்டும் செயலி அதில் இருந்தது. 40 கிலோமீட்டர் வேகத்தில் மூன்றாம் கியரில் முகடு 60-ஐ ஒட்டி நின்றது. அதே வேகத்தில் இரண்டாம் கியருக்கு மாற்றினேன். முகடு 100-ஐ ஒட்டித் தாவியது. சக்கரம் குற்றவாளியல்ல. 60-ஐ ஒன்றரையால் வகுத்தால் வினாடிக்கு 40 சுழற்சி, நிமிடத்துக்கு 2,400. சத்தம் எஞ்சினின் வெடிப்போடு ஒத்துப் போயிற்று.

அப்படியானால் நிற்கும்போது ஏன் கேட்கவில்லை? ஆக்ஸிலேட்டரை அழுத்தும்போது எஞ்சினுக்குள் காற்றும் பெட்ரோலும் மிகுதியாகச் செல்கின்றன. புகை வால்வு திறக்கும் கணத்தில் உள்ளே வளிமண்டல அழுத்தத்தைப் போல் சில மடங்கு அழுத்தம் இருக்கும். அது ஒரு சிறு வெடியோசையாகக் குழாயில் பாய்கிறது. சைலன்சரின் அறைகளில் இவ்வலைகள் சுவரில் மோதித் திரும்பி ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. சைலன்சருக்கு முன்னாலேயே ஓர் ஓட்டை இருந்தால், அலை அந்த அறைகளுக்குள் போகாமலே வெளியே வந்துவிடும். காலை எடுத்ததும் அழுத்தம் குறைகிறது, உறுமலும் அடங்குகிறது.

இந்த இடத்தில்தான் எனக்குப் பகீரென்றது. “என்னங்க, இந்த வண்டியில ஏறினாலே தலை வலிக்குது” என்று மனைவி பத்து நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். வெயில் என்று நான் தட்டிக் கழித்திருந்தேன். பின்னிருக்கையில் மகள் தூங்கிக்கொண்டு வருவாள். பெட்ரோல் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுகப் பற்றிக்கொள்ளும். அதன் முதல் அறிகுறி தலைவலி. புகையைத் தூய்மைப்படுத்தும் வினையூக்கிப் பகுதிக்கு முன்னாலேயே கசிவு இருந்தால் நச்சு குறையாமலே வெளிவரும்; கண்ணாடிக்கு அடியிலுள்ள காற்றுத் துளை வழியே காருக்குள் புகவும் கூடும். அன்று முதல் வண்டியை எடுக்கவில்லை.

கசிவைக் கண்டுபிடிப்பது எளிது. திறந்த வெளியில், கை பிரேக்கைப் போட்டு, ஆறிய எஞ்சினைக் கிளப்ப வேண்டும். ஒருவர் தடித்த துணியால் பின்குழாய் வாயை ஓரிரு வினாடி அடைத்தால், புகை வேறு வழி தேடும்; முன்னால் நிற்பவருக்கு ‘உஸ்’ என்று கேட்கும். கூடவே கரிக்கோடும் காட்டிக்கொடுக்கும். என் காரில் எஞ்சினின் புகைத்திரட்டியும் குழாயும் சேரும் இடத்தில் கேஸ்கெட் எரிந்துபோய், குழாயும் துருவேறி விரிந்திருந்தது. கடற்காற்றின் உப்பு வெளியிலிருந்து அரிக்கிறது. உள்ளிருந்து அரிப்பது தண்ணீர்: ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஈடான நீராவி உண்டாகும். வீட்டிலிருந்து கல்லூரிக்கு நான் ஓட்டும் நான்கு கிலோமீட்டரில் குழாய் முழுதும் சூடாவதில்லை. நீர் உள்ளேயே தங்கிவிடுகிறது.

எல்லா உறுமலும் புகைக்குழாயினுடையது அல்ல. கியரை மாற்றியும், காலை எடுத்தும் மாறாமல் கார் வேகத்தோடு மட்டும் கூடும் இரைச்சல் சக்கர பேரிங்குடையது. ஸ்டியரிங்கை முழுதும் ஒடித்து முடுக்கும்போது ‘கடக் கடக்’ என்றால் முன்சக்கர அச்சின் மூட்டைப் பார்க்க வேண்டும். ஒரு குறிப்பிட்ட எஞ்சின் வேகத்தில் மட்டும் தகரம் அதிர்ந்தால், அது பெரும்பாலும் தளர்ந்த வெப்பத் தடுப்புத் தகடு; ஒத்ததிர்வுக்கு நல்ல எடுத்துக்காட்டு. மெக்கானிக்குகள் நீண்ட திருப்புளியை எஞ்சினில் வைத்துப் பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்பார்கள். எஃகின் வழியே ஒலி அதிகம் சிதறாமல் வரும் என்பதால் அது சரியான முறையே. ஆனால் சுழலும் பெல்ட்டுக்கு அருகே அதைப் பழகாதவர்கள் செய்யக்கூடாது.

குழாயையும் கேஸ்கெட்டையும் மாற்றியாயிற்று. மனைவிக்குத் தலைவலி நின்றுவிட்டது. மறுபடியும் அதே சாலையில், மூன்றாம் கியரில், 40 கிலோமீட்டரில் அளந்தோம். முகடு அதே 60-இல்தான் நின்றது. உயரம் மட்டும் சுருங்கியிருந்தது.