மழித்தபின் எரியும் முகம்: காரணமும் தணிப்பும்

ஆடவர் வாழ்வில் நாள்தோறும் நிகழ்வதாயினும் எவரும் எடுத்துப் பேசாத செயல்களுள் ஒன்று முகமழித்தல் ஆகும். மழித்தல் என்னும் சொல் தமிழுக்குப் புதிதன்று. வள்ளுவப் பெருந்தகை 'கூடாவொழுக்கம்' என்னும் அதிகாரத்தில் மழித்தலையும் நீட்டலையும் புறக்கோலங்களாகச் சுட்டி, அகத்தூய்மையின் உயர்வை உணர்த்தியுள்ளார். மொகஞ்சதாரோ அகழாய்வில் செம்பாலான சவரக்கத்திகள் கிடைத்துள்ளன. பண்டைய எகிப்தியர் தம் கல்லறைகளிலும் சவரக்கத்திகளை வைத்துச் சென்றனர். ஆகவே முடியை நீக்கும் கலை மாந்தனின் பழங்கலைகளுள் ஒன்று எனலாம். ஆனால், அங்ஙனம் நீக்கியபின் தோல் படும் பாட்டைப் பற்றிய தெளிவான அறிவோ மிக அண்மைக் காலத்தது.

மழித்த சில நிமிடங்களில் முகம் சிவக்கின்றது, கழுத்து எரிகின்றது, மறுநாள் சிறு சிறு கொப்புளங்கள் அரும்புகின்றன. இளைஞர் பலர் இதனை அழகுக்குறை என்று மட்டுமே எண்ணிக் கைக்கெட்டிய களிம்பைத் தடவிக்கொள்கின்றனர். அதனால் விளையும் கேடு, மூலத் துன்பத்தினும் பன்மடங்கு பெரிதாகிவிடுவதுண்டு. எனவே இவ்வெரிச்சல் எதனால் எழுகின்றது, எவ்வாறு தணிகின்றது, எதனைச் செய்யலாகாது என்பனவற்றை நாம் முறையாக அறிந்துகொள்ளுதல் நன்று.

தோலின் காவலும் கத்தியின் வேலையும்

நம் தோலின் மேற்புறத்தே இறந்த உயிரணுக்களாலான மெல்லிய படலம் ஒன்று போர்த்தியுள்ளது. ஒரு மில்லிமீட்டரை நூறு கூறாக்கினால் அதில் ஓரிரு கூறு அளவே அதன் தடிமன் ஆகும். சுவரில் செங்கற்களை இணைக்கும் சாந்தினைப் போல, அவ்வுயிரணுக்களுக்கு இடையே கொழுப்புப் பொருள்கள் அமைந்துள்ளன. உடலின் ஈரம் வெளியேறாமலும் நுண்ணுயிர்கள் உள்ளே புகாமலும் காப்பது இந்தச் சுவரே. தோலின் மேற்பரப்பு இயல்பில் சிறிது அமிலத்தன்மை உடையது. அதன் பிஎச் மதிப்பு ஏறத்தாழ 4.5 முதல் 5.5 வரை அமையும். இவ்வமிலத்தன்மையும் கிருமிகளைத் தடுக்கும் ஓர் அரணேயாகும்.

கத்தி முகத்தில் ஓடும்பொழுது முடியை மட்டும் வெட்டுவதில்லை. மேற்படலத்தின் ஒரு பகுதியையும் அதன் கொழுப்பையும் சேர்த்தே வழித்தெடுக்கின்றது. கண்ணுக்குப் புலப்படாத நுண்ணிய கீறல்கள் பல உண்டாகின்றன. பிஎச் மதிப்பு 9 அல்லது 10 உடைய சாதாரணச் சவர்க்காரத்தைப் பயன்படுத்தினால், அமில அரணும் அதனோடு சிறிது நேரம் குலைகின்றது. காவல் குலைந்த இடத்தில் ஈரம் விரைந்து ஆவியாகின்றது. நரம்பு நுனிகள் எளிதில் தூண்டப்படுகின்றன. பழுதைச் சீர்செய்யக் குருதி நாளங்கள் விரிகின்றன. வறட்சி, எரிச்சல், சிவப்பு ஆகிய மூன்றும் தோன்றுவது இவ்வாறேயாகும். எனவே சவர எரிச்சலைத் தணித்தல் என்பது, இடிந்த சுவர் தன்னைத்தானே கட்டிக்கொள்ளும் வரை அதற்குத் துணைநிற்றலே என்பது தெளிவு.

மூவகைத் துன்பங்கள்

மழித்தபின் தோன்றும் துன்பங்கள் அனைத்தும் ஒன்றல்ல. அவற்றை மூவகையாகப் பிரித்தறிதல் வேண்டும்.

முதலாவது, மேலே கூறிய சவர எரிச்சல். மழித்த சில நிமிடங்களில் தோன்றி, சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ தானே அடங்கிவிடும். இதில் சீழ் இராது.

இரண்டாவது, முடி உள்நோக்கி வளர்தலால் உண்டாகும் முடிச்சுகள். சுருண்ட முடியுடையார்க்கு இது மிகுதி. மழிக்கப்பட்ட முடியின் நுனி ஈட்டிபோற் கூர்மையடைகின்றது. அது தோலினின்று வெளிவந்து வளைந்து மீண்டும் தோலினுள் குத்துவதும் உண்டு. மயிர்க்காலை விட்டு வெளிவராமலேயே பக்கவாட்டில் துளைத்துச் செல்வதும் உண்டு. உடல் அதனை அயற்பொருளாகக் கருதிப் போரிடுவதால் அவ்விடம் தடித்துக் கருக்கின்றது. அமெரிக்கத் தோலியல் அறிஞர்களான ஸ்ட்ராஸ், கிளிக்மன் ஆகிய இருவரும் 1956ஆம் ஆண்டு இதனைப் பற்றி விரிவாக எழுதினர். கிருமியால் வரும் நோயன்று, முடியால் வரும் நோயே என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

மூன்றாவது, மயிர்க்கால் அழற்சி. கீறல்களின் வழியே ஸ்டாபிலோகாக்கஸ் போன்ற நுண்ணுயிர்கள் மயிர்க்காலுட் புகுந்து சீழ்க்கொப்புளங்களை உண்டாக்குகின்றன. சிலருக்குப் படர்தாமரையை விளைக்கும் பூஞ்சையே தாடிப்பகுதியில் பற்றிக்கொள்வதும் உண்டு. இவ்விரண்டிற்கும் மருத்துவம் வெவ்வேறானது. ஒன்றிற்குரியதை மற்றொன்றிற்கு இடுதல் பயன்தராது.

எரிச்சலைத் தணிக்கும் முறை

முதற்கண் செய்ய வேண்டுவது, குளிர்ந்த நீரால் முகத்தைக் கழுவி நுரையின் எச்சத்தை முற்றிலும் நீக்குதல். பின்னர்த் தூய மெல்லிய துணியைக் குளிர்நீரில் நனைத்துப் பிழிந்து, எரியும் இடத்தில் ஐந்து முதல் பத்து நிமிடங்கள் வரை வைத்திருக்கலாம். குளிர்ச்சியால் விரிந்த நாளங்கள் சுருங்கும். நரம்பின் எரிச்சலும் அடங்கும். பனிக்கட்டியை நேரே தோலில் வைத்தல் கூடாது. துணியில் பொதிந்தே வைத்தல் வேண்டும்.

அடுத்து, துண்டால் தேய்க்காமல் ஒற்றியெடுத்து, தோல் சிறிது ஈரமாக இருக்கும்பொழுதே நறுமணம் சேர்க்கப்படாத ஈரப்பதக் களிம்பை மெல்லிதாகப் பூசுதல் வேண்டும். வாசலைன் எனப்படும் பெட்ரோலியம் ஜெல்லியும் வறண்ட தோலுக்குப் போதியதே. ஆயினும் முகப்பரு உடையார் எண்ணெய்ப்பசை மிக்க பூச்சுகளைத் தவிர்த்தல் நலம்.

நம் வீட்டு முற்றத்துச் சோற்றுக் கற்றாழையும் குளிர்ச்சி தருவதே. ஆனால் மடலை வெட்டியவுடன் தோலின் அடியிலிருந்து வடியும் மஞ்சள் நிறப் பால் தோலை உறுத்தும் இயல்புடையது. ஆதலால் அப்பால் முழுதும் வடிந்தபின், உள்ளிருக்கும் நிறமற்ற சோற்றை மட்டும் நன்கு கழுவிப் பயன்படுத்துதல் வேண்டும். அதனையும் முதலில் முன்கையில் சிறிது தடவிப் பார்த்து, அரிப்பு எழாவிடில் முகத்திற் பூசலாம்.

சிறு வெட்டினின்று குருதி கசிந்தால், தூய துணியால் சில நிமிடங்கள் அழுத்திப் பிடித்தலே முதல் மருந்து. படிகாரம் அல்லது சீனாக்காரம் எனப்படும் பொருள், புரதங்களை உறையச் செய்து குருதிக் கசிவை நிறுத்துகின்றது. ஆனால் அது தோலை வறளச் செய்வதாதலின், வெட்டுப்பட்ட இடத்தில் மட்டும் தொட்டு வைத்தல் அமையும். முகமெங்கும் தேய்த்தல் வேண்டா.

எரிச்சல் முற்றும் நீங்கும் வரை மீண்டும் மழியாதிருத்தலே மருந்துகளுள் தலையாயது. முடி உள்வளரும் தொல்லையுடையார் சில வாரங்கள் மழிப்பதை நிறுத்தினால், முடி நீண்டு தானே விடுபட, முடிச்சுகள் படிப்படியாக அடங்கும். அவற்றை நகத்தாற் கிள்ளுவதும் பிதுக்குவதும் தழும்பையே தரும்.

நன்மையெனக் கருதிச் செய்யும் தீமைகள்

மழித்தபின் சாராயம் கலந்த நறுமண நீரைத் தெளித்துக்கொள்வது நெடுநாள் வழக்கம். எரிந்தால்தான் கிருமி சாகும் என்பது பலரது எண்ணம். உண்மை வேறு. வெப்பத்தை உணர்த்தும் நரம்பு வாயில்கள் இயல்பாக ஏறத்தாழ 42 பாகை செல்சியசில் திறப்பன. சாராயம் பட்டால் அவை ஏறத்தாழ 34 பாகையிலேயே திறந்துவிடுகின்றன என 2002ஆம் ஆண்டு வெளியான ஆய்வு காட்டியது. அஃதாவது, நம் உடலின் சொந்தச் சூடே நம்மைச் சுடுவதாக நரம்பு உணர்கின்றது. அவ்வெரிச்சல் நலம் பெறுவதன் அடையாளமன்று. மேலும் சாராயம் தோலின் ஈரத்தையும் கொழுப்பையும் கவர்ந்து செல்கின்றது.

எலுமிச்சைச் சாற்றைத் தேய்ப்பதும் தீதே. அதன் அமிலம் கீறல்களை எரியச் செய்வதோடு, அதிலுள்ள சில வேதிப்பொருள்கள் வெயில் பட்டவுடன் தோலைப் புண்ணாக்கிக் கருமையும் படரச் செய்யும். கிருமிநாசினி நீர்மங்களை நீர் கலவாது பூசுவதும் தோலைப் பொசுக்குவதாகும்.

இவையனைத்தினும் கொடியது, ஸ்டீராய்டு கலந்த களிம்புகளைக் கடையில் தாமே வாங்கி நாள்தோறும் பூசும் பழக்கம். பீட்டாமெத்தசோன், குளோபீட்டசால் போன்றவை பூசியவுடன் சிவப்பு மாயமாய் மறைவதால் இளைஞர் மயங்குகின்றனர். வாரக்கணக்கில் பூசிவரின் தோல் மெலிகின்றது, நுண்குருதி நாளங்கள் வெளித்தோன்றுகின்றன, பருக்கள் மிகுகின்றன, படர்தாமரை உருமாறிப் பரவுகின்றது. நிறுத்தினாலோ எரிச்சல் முன்னினும் பெருகுகின்றது. ஆகவே மீண்டும் அதனையே நாடுகின்றனர். இக்கேட்டினை இந்தியத் தோல் மருத்துவர்கள் தொடர்ந்து எடுத்துரைத்தமையால், 2018ஆம் ஆண்டு நடுவணரசு இத்தகைய களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாத ஹெச் பட்டியலிற் சேர்த்தது. மிக மென்மையான ஹைட்ரோகார்ட்டிசோன் களிம்பைக்கூட மருத்துவர் சொற்படி சில நாள் மட்டுமே பயன்படுத்துதல் முறை.

வருமுன் காத்தல்

எரிச்சலைத் தணிப்பதினும் எழாமற் காப்பதே எளிது. உலர்ந்த முடி வன்மையுடையது. நீரில் ஊறிய முடியோ மென்மையாகி எளிதில் அறுபடும். ஆதலின் குளித்தபின் மழிப்பதோ, இரண்டு மூன்று நிமிடங்கள் வெந்நீரால் முகத்தை நனைத்து வைப்பதோ நன்று. பின்னர் நுரைக்களிம்பு பூசிச் சிறிது பொறுத்தல் வேண்டும்.

முடி வளரும் திசையிலேயே கத்தியை ஓட்டுதல் வேண்டும். எதிர்த்திசையில் இழுத்தால் முகம் வழவழப்பாகும். எரிச்சலும் உள்வளர்ச்சியும் அதனோடு வரும். கழுத்தில் முடி பல திசைகளில் வளர்வதால், விரலால் தடவித் திசையறிந்து மழித்தல் நலம். தோலை இழுத்துப் பிடித்தலும், கத்தியை அழுத்துதலும், ஒரே இடத்தைப் பன்முறை வழித்தலும் தவிர்க்கத்தக்கன. ஐந்து முதல் ஏழு முறை மழித்தபின் அலகை மாற்றுதல் வேண்டும் என அமெரிக்கத் தோலியல் கழகம் அறிவுறுத்துகின்றது.

கிங் கேம்ப் ஜில்லெட் என்பார் மாற்றத்தக்க மெல்லலகுடைய பாதுகாப்புச் சவரக்கருவிக்கு 1904ஆம் ஆண்டு காப்புரிமை பெற்றார். 1971இல் ஈரலகுக் கருவி வந்தது. முன்னலகு முடியைச் சிறிது இழுக்க, பின்னலகு அறுக்க, எஞ்சிய முடி தோலின் மட்டத்திற்குக் கீழே பதுங்குகின்றது. வழவழப்புக்குக் காரணமான அதுவே, சுருள்முடியுடையார்க்கு உள்வளர்ச்சியின் காரணமும் ஆகின்றது. அன்னார் அலகைத் துறந்து, ஒரு மில்லிமீட்டர் அளவு முடியை விட்டு நறுக்கும் மின்கருவியைப் பயன்படுத்துதல் நன்று.

ஒரே அலகு, பல முகங்கள்

இனி நாம் கூறவிருப்பது அழகைப் பற்றியதன்று, உயிரைப் பற்றியது. அமெரிக்க எழுத்தாளர் தோரோவின் உடன்பிறப்பான ஜான், சவரக்கத்தியைத் தீட்டுகையில் விரலில் பட்ட சிறு வெட்டால் இசிவுநோய் கண்டு 1842ஆம் ஆண்டு இறந்தார். முதல் உலகப் போர்க் காலத்தில் தூய்மை செய்யப்படாத குதிரைமயிர்ச் சவரத்தூரிகைகள் வழியே படைவீரர்க்கு ஆந்த்ராக்ஸ் நோய் பரவியது. சிறு கீறலைச் சிறிதென எண்ணலாகாது என்பதற்கு இவை சான்றாகும்.

இன்று நாம் அஞ்ச வேண்டுவன, குருதி வழியே பரவும் கல்லீரல் அழற்சிக் கிருமிகள். ஹெபடைடிஸ் பி கிருமி உடலுக்கு வெளியே, உலர்ந்த குருதித்துளியிலும், ஏழு நாள் வரை வீரியம் குன்றாதிருக்கும். அத்துளி கண்ணுக்குத் தெரியவேண்டும் என்பதும் இல்லை. விடுதி அறையில் தோழரின் சவரக்கருவியை 'இன்று ஒருநாள்தானே' என்று வாங்கிக்கொள்வது நட்பின் அடையாளமாகத் தோன்றலாம். அது நோய்க்குத் திறக்கும் வாயிலாகவும் ஆகக்கூடும். முடிதிருத்தகங்களில் ஒரே படிகாரக் கட்டியைப் பலர் முகத்தில் தேய்ப்பதும் அத்தகையதே. புதிய அலகினை நம் கண்முன்னே பிரித்துப் பொருத்துமாறு கேட்பது முடிதிருத்துநரை அவமதிப்பதாகாது. அவரையும் காப்பதே ஆகும். பழனியிலும் திருப்பதியிலும் முடி காணிக்கை செலுத்துவோர்க்கும், ஹஜ் கடமையின் நிறைவில் தலைமழிப்போர்க்கும் இது பொருந்தும். ஹஜ் காலத்தில் உரிமம் பெற்ற முடிதிருத்துநரிடம், ஒருமுறை மட்டும் பயன்படும் அலகைக்கொண்டே மழித்துக்கொள்ளுமாறு அறிவுறுத்தப்படுவது இதனாலேயாகும். ஹெபடைடிஸ் பி நோய்க்குத் தடுப்பூசி உண்டு. சி வகைக்கு இன்றளவும் தடுப்பூசி இல்லை என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

மருத்துவரை நாட வேண்டிய காலம்

சீழ்க்கொப்புளங்கள் பரவினாலோ, வலியும் வீக்கமும் மிகுந்தாலோ, காய்ச்சல் கண்டாலோ, வட்டவட்டமாகச் செதிலுதிர்ந்தாலோ, எரிச்சல் ஒரு வாரத்திற்கு மேல் நீடித்தாலோ, தாமதமின்றித் தோல் மருத்துவரை நாடுதல் வேண்டும். நீரிழிவுடையார் இன்னும் முன்னதாகவே செல்லுதல் நன்று.

குளிர்ந்த நீர், மென்மையான பூச்சு, சில நாள் பொறுமை ஆகிய மூன்றுமே பெரும்பான்மையான சவர எரிச்சலுக்குப் போதிய மருந்துகளாம். இவற்றிற்கு ஆகும் செலவும் சிறிதே. தன் அலகைத் தனதாக வைத்துக்கொள்ளுதலும், பிறர் அலகை மறுத்தலும், பெயரறியாக் களிம்பைத் தொடாதிருத்தலும் இவற்றோடு சேருமாயின், முகம் தெளிவதோடு உடல்நலமும் காக்கப்படும். கண்ணாடி முன் நாள்தோறும் செலவிடும் அப்பத்து நிமிடங்களை நம் இளைஞர் அறிவோடு செலவிடுவாராக.