அரைமயக்கமும் மின்னேடும்

பெருங்குடலை உள்நோக்கிக் குழாயால் ஆராயும்போது நோயாளியைப் பெரும்பாலும் முற்றும் உறங்கச் செய்வதில்லை. மிடசோலம், ஃபென்டனில் போன்ற மருந்துகளால் அரைமயக்கமே தருவர். இம்மருந்துகள் மூச்சையும் தளர்த்துவன. ஆதலின் யாருக்கு இது போதும், யாருக்கு மயக்க மருந்து வல்லுநர் உடனிருத்தல் வேண்டும் என்பது முன்கூட்டியே தெளிய வேண்டிய வினா.

விடையிற் பெரும்பகுதி பழைய மருத்துவக் குறிப்புகளில் உண்டு. நாள்தோறும் தூக்க மாத்திரை உண்பவருக்கு வழக்கமான அளவு பற்றாமற் போகலாம். முன்னொரு அறுவையின்போது மூச்சுக்குழாய் செலுத்துவது கடினமாயிருந்தது என்னும் ஒரே வரி ஓர் உயிரைக் காக்கவல்லது. அவ்வரி வேறொரு மருத்துவமனையின் அலமாரியில் கிடந்தால் யாருக்குப் பயன்? சிங்கப்பூரில் 2011இல் தொடங்கிய தேசிய மின்னேடு, பல மருத்துவமனைகளின் குறிப்புகளை ஓரிடத்திற் காட்டுகிறது.

ஆயினும் எழுதாததை ஏடு சொல்லாது. உறக்கத்தில் மூச்சுத் தடைபடும் பலர் அதற்கென மருத்துவரை நாடியதே இல்லை. அவர்களுக்கு அரைமயக்கத்திலேயே தொண்டை அடைபடக்கூடும். டொராண்டோவில் ஃபிரான்சிஸ் சுங் குழுவினர் 2008இல் வெளியிட்ட வினாநிரலில் முதற்கேள்வியே குறட்டையைப் பற்றியது. அதற்கு விடை அறிந்தவர் பெரும்பாலும் நோயாளியல்லர், அருகில் உறங்குபவரே. உடன்வந்த அவரை மருத்துவர் ஒரு சொல் கேட்டு, அவ்விடையை மின்னேட்டிற் பதிந்துவிட்டால், அடுத்த முறை மயக்கம் தருபவர் அதைத் தேடி அலைய வேண்டியதில்லை.