ஆட்டு மந்தைக்கு நடுவே பழகிய ஒலிம்பிக் வீரர்!

கெங்கவல்லிக்காரர்களுக்கு மலை என்றால் பச்சைமலை. மார்கழிக் காலையில் அதன்மேல் வெள்ளையாகத் தெரிவது மூடுபனி. வெயில் ஏறியதும் கலைந்துவிடும்.

ஆனால் பனி கட்டியாக உறைந்து, மாதக்கணக்கில் கிடக்கும் மலைகளும் இந்தியாவில் உண்டு. இமாசலப் பிரதேசத்தில் மனாலி என்று ஓர் ஊர். அதை ஒட்டி வசிஷ்ட் என்ற சிற்றூர். சுற்றிலும் பனி, ஊருக்குள்ளே வெந்நீர் ஊற்று! அந்த ஊரில் வளர்ந்த ஒருவர், பனிக்கட்டியில் சறுக்கும் போட்டிக்காக 6 ஒலிம்பிக் பந்தயங்களுக்குப் போய் வந்தார். அவர் பெயர் சிவ கேசவன்.

தென்னாட்டுப் பெயராக இருக்கிறதே என்று தோன்றுகிறதா? உண்மைதான். தந்தை, கேரளத்துத் தலைச்சேரியைச் சேர்ந்தவர். தாய், இத்தாலி நாட்டுப் பெண்மணி. இருவரும் மனாலிப் பக்கம் குடியேறினார்கள். 1981-ம் ஆண்டு சிவ கேசவன் பிறந்தார்.

காலில் நீண்ட பலகைகளை மாட்டிக்கொண்டு பனிச்சரிவில் சறுக்குவது அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு விளையாட்டு. சிவ கேசவனும் அதில் கெட்டிக்காரர். ஆனால் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது வேறொரு சறுக்கு.

படம் காட்டிய பயிற்சியாளர்

அப்போது அவர் பள்ளி மாணவர். ஆஸ்திரியா நாட்டைச் சேர்ந்த குந்தர் லெம்மரர் என்பவர் இந்தியாவுக்கு வந்தார். 'லூஜ்' என்ற சறுக்கு வண்டிப் பந்தயத்துக்கு ஆள் தேடி வந்தவர் அவர். பஞ்ச்குலா நகரில் முகாம் நடந்தது. முதலில் மாணவர்களுக்கு ஒரு சினிமா போட்டுக் காட்டினார். பனியே விழாத ஜமைக்கா தீவிலிருந்து சிலர் பனிச்சறுக்கு ஒலிம்பிக்குக்குப் போன கதை அது. ஆள் பிடிக்க நல்ல தந்திரம்தான்!

பஞ்ச்குலாவில் பனி ஏது? வண்டிக்குச் சக்கரம் மாட்டித் தார் ரோட்டில் உருட்டி விட்டார்கள். தேறியவர்களில் ஒருவர் சிவ கேசவன். 1998-ல் ஜப்பானின் நாகானோ நகரில் ஒலிம்பிக்கில் இறங்கியபோது அவருக்கு வயது 16. லூஜ் பந்தயத்தில் ஒலிம்பிக் கண்ட முதல் இந்தியர் அவர்தான். 28-வது இடம் கிடைத்தது.

பிரேக் கிடையாது

லூஜ் என்பது என்ன? கொல்லிமலைச் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். பஸ்ஸில் உட்கார்ந்து இறங்கினாலே அடிவயிறு கலங்கும். அப்படிப்பட்ட வளைவுகளில், பனிக்கட்டியால் ஆன வாய்க்காலில், சிறிய வண்டியில் மல்லாந்து படுத்து, காலை முன்னே நீட்டிக்கொண்டு இறங்க வேண்டும். பிரேக் கிடையாது. கெண்டைக்காலாலும் தோளாலும் அழுத்தித்தான் வண்டியைத் திருப்ப வேண்டும். 2011-ல் ஆசியப் போட்டியில் தங்கம் வென்றபோது சிவ கேசவனின் வேகம் மணிக்கு 134 கிலோமீட்டரைத் தொட்டது!

இந்தியாவில் அப்படி ஒரு பாதைகூட இல்லை. என்ன செய்வார்? சக்கர வண்டியோடு இமயமலைச் சாலையில் இறங்கினார். எதிரே லாரி வரும். ஆட்டு மந்தை வரும். விலகி, வளைந்து போக வேண்டும். உலகத்து வீரர்கள் கோடிக்கணக்கில் செலவிட்ட பாதையில் பழகினார்கள். இவருக்கு வாய்த்தது இதுதான்.

பணத்துக்கும் திண்டாட்டம். 2010 ஒலிம்பிக்குக்கு முன்பு வழக்கறிஞர்கள் பணம் திரட்டி உதவினார்கள். தாயின் நாடான இத்தாலி, "எங்களுக்காக ஆடு" என்று அழைத்தது. அவர் போகவில்லை.

கொடி இல்லாத ஊர்வலம்

அப்படிப்பட்டவருக்கு 2014-ல் ஒரு சோதனை. இந்திய ஒலிம்பிக் சங்கத்தை அகில உலக ஒலிம்பிக் கமிட்டி விலக்கி வைத்திருந்த நேரம் அது. ரஷ்யாவின் சோச்சி நகரில் தொடக்க விழா. எல்லா நாட்டாரும் தங்கள் கொடியோடு நடந்தார்கள். சிவ கேசவனும் உடன் வந்த 2 இந்திய வீரர்களும் ஒலிம்பிக் கொடியின் பின்னால் நடந்தார்கள்.

அந்தச் சமயத்தில் நடந்த பயிற்சி ஓட்டத்தில் வளைவு ஒன்றில் வண்டி அவரைத் தூக்கி எறிந்தது. யாராக இருந்தாலும் அதோடு முடிந்தது. அவரோ, சறுக்கிக்கொண்டே வண்டியைப் பிடித்து இழுத்து, மறுபடி அதன்மேல் ஏறிப் படுத்து இறங்கிவிட்டார்! அந்தப் படம் உலகமெங்கும் பரவியது.

பிப்ரவரி 8, 9 தேதிகளில் அவருடைய பந்தயம் முடிந்தது. 11-ந் தேதி தடை நீங்கியது. பிறகு சோச்சியில் மூவர்ணக் கொடி ஏறியது. இரண்டே நாள் முந்தியிருக்கக் கூடாதா!

2018-ல் தென்கொரியாவில் கடைசி ஒலிம்பிக். அதில் 34-வது இடம். 6 ஒலிம்பிக்கிலும் அவர் பதக்கம் வென்றதில்லை. 2006-ல் இத்தாலியில் பிடித்த 25-வது இடமே அதிகபட்சம். 2020-ல் அர்ஜுனா விருது வந்தது. ஓய்வுக்குப் பின் இளம் வீரர்களைத் தயார் செய்யும் வேலையில் இறங்கினார். அந்தப் பிள்ளைகளுக்கும் முதலில் கிடைத்தது சக்கரம் மாட்டிய வண்டிதான்.