கத்தக்குறிச்சி சாந்தி: ஊக்கமருந்து இல்லை, வேறென்ன?

"ஊக்கமருந்து சாப்பிட்டு மாட்டிக்கிட்டவங்கதானே?" சாந்தி சௌந்தரராஜன் பேரைச் சொன்னா இப்படிக் கேட்கிறவங்க இன்னும் இருக்காங்க. இல்லைங்க. அவர் எதையும் சாப்பிடவில்லை, யாரையும் ஏமாற்றவும் இல்லை. அதனால நடந்ததைக் கொஞ்சம் வரிசையாப் பார்ப்போம்.

புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியைச் சேர்ந்த தலித் குடும்பம். அப்பா, அம்மா இரண்டு பேருமே செங்கல் சூளைத் தொழிலாளர்கள். ஐந்து பிள்ளைகளில் மூத்தவர் சாந்தி. பெற்றோர் வெளியூர் சூளைக்குப் போகும்போது தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்வது அவர்தான். ஓடக் கற்றுக்கொடுத்தவர் தாத்தா. முதல் ஷூ வாங்கித் தந்தவரும் அவரே.

2005-ல் தென்கொரியாவின் இஞ்சியோனில் ஆசியத் தடகளப் போட்டி, 800 மீட்டரில் வெள்ளி. அடுத்த வருஷம் டிசம்பரில் தோஹா ஆசிய விளையாட்டு, மறுபடியும் வெள்ளி. நேரம் 2 நிமிடம் 3.16 நொடி. மூன்றாவதாக வந்த கஜகஸ்தான் வீராங்கனையை முந்தியது வெறும் 0.03 நொடியில்!

அதன் பிறகுதான் பாலினப் பரிசோதனை. எல்லா வீராங்கனைகளுக்கும் கட்டாயமாகச் செய்யும் வழக்கம் 1990-களிலேயே கைவிடப்பட்டது. ஆனால் 'சந்தேகம்' என்று வந்தால் ஒருத்தரை மட்டும் கூப்பிட்டுச் சோதிக்கலாம் என்ற வழி திறந்தே இருந்தது. ஊக்கமருந்து வழக்கில் ஒருவர் செய்த செயலுக்குத் தண்டனை. இங்கே பிறந்த உடம்புக்கே தண்டனை. பதக்கம் பறிபோனது. அதைவிடக் கொடுமை, அந்தரங்கமாக இருக்க வேண்டிய மருத்துவ விஷயம் ஊரெல்லாம் செய்தியானது.

அப்போதைய முதல்வர் கருணாநிதி அறிவித்த 15 லட்ச ரூபாயைக் கொடுத்தார். சாந்தி புதுக்கோட்டையில் ஏழைப் பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சி கொடுத்தார். ஆனால் நிலையான வேலை இல்லை. 2012-ல் அவரும் செங்கல் சூளைக்கே கூலி வேலைக்குப் போனார். பெற்றோர் நின்ற அதே இடம்.

இப்போ இரண்டு பேரை ஒப்பிட்டுப் பாருங்க. 2009-ல் தென்னாப்பிரிக்காவின் காஸ்டர் செமென்யாவுக்கும் இதே சோதனை. அவர் நாடே பின்னால் நின்றது. உலகப் போட்டித் தங்கம் அவரிடமே இருந்தது, அடுத்த வருஷமே ஓடவும் வந்தார். 2014-ல் ஒடிசாவின் டூட்டி சந்துக்குத் தடை வந்தபோது இந்திய விளையாட்டு ஆணையம் துணை நின்றது. 2015-ல் சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றம் அந்த விதியையே நிறுத்திவைத்தது. 2006-ல் சாந்திக்காக அப்படி வாதாட யாரும் போகவில்லை. விதி நியாயமா என்பது தனி விவாதம். அதை எதிர்த்துக் கேட்கும் வாய்ப்பே அவருக்குக் கிடைக்கவில்லை என்பதுதான் எனக்குப் பெரிய அநியாயமாப் படுது.

பிறகு பெங்களூரில் பயிற்சியாளர் பட்டயப் படிப்பை முடித்தார். 2016-ல் தமிழ்நாடு அரசின் நிரந்தரத் தடகளப் பயிற்சியாளர் பணி கிடைத்தது. அதுவும் பல வருஷம் போராடித்தான். தோஹா வெள்ளி மட்டும் இன்னும் திரும்பி வரலை.