மழைக்காலத்தில் கீறும் பித்தளை

பிரித்தானியர் காலத்து இந்தியாவில் படைக் களஞ்சியங்களைப் பார்த்துக்கொண்டவர்களை ஒரு பழுது நெடுநாள் அலைக்கழித்தது. ஒருமுறைகூடச் சுடாத புது ரவைகள், பெட்டியை விட்டு வெளியே வராதவை. மழைக்காலம் கழிந்து பெட்டியைத் திறந்தால், பித்தளைக் கோதின் கழுத்தில் மயிரிழை போன்ற கீறல் நீளவாக்கில் ஓடியிருக்கும். குதிரை லாயங்களை ஒட்டி அடுக்கிய பெட்டிகளில் இந்தத் தொல்லை அதிகம். 1921 இல் மூர், பெக்கின்சேல், மலின்சன் என்ற மூன்று ஆய்வாளர்கள் காரணத்தை விளக்கி எழுதினார்கள். விலங்கு மூத்திரம் சிதைந்து கிளம்பும் அமோனியா, காற்றின் ஈரம், கோதைச் செய்தபோதே அதற்குள் தங்கிவிட்ட இழுவைத் தகைப்பு ஆகிய மூன்றும் ஒன்றுசேர வேண்டும். ஒன்று குறைந்தாலும் கீறல் விழாது.

கண்டியில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லக் காரணம் உண்டு. கொழும்பு வீதியில் கடுகண்ணாவையை நோக்கிப் போகும்போது பிலிமத்தலாவையில் வரிசையாக வரும் பித்தளைக் கடைகளைப் பார்க்காதவர் இல்லை. குத்துவிளக்கு, தட்டம், குடம் என்று வாங்கிப்போகிறோம். நிறையையும் மினுக்கத்தையும் பார்க்கிறோம். அந்தப் பாத்திரம் கடைசியாக எப்போது நெருப்பைக் கண்டது என்று கேட்பதில்லை.

பட்டறையில் தகட்டைத் தட்டி உருவம் எழுப்புகிறவரின் அருகில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். முதலில் சுத்தியலுக்குத் தகடு இணங்கிக் கொடுக்கும், சத்தமும் அடங்கியிருக்கும். தட்டத் தட்டச் சத்தம் கூர்மையாகும், தகடு விறைக்கும். அந்த இடத்தில் அவர் நிறுத்துவார். இன்னும் நாலு அடி அடித்தால் ஓரம் பிளந்துவிடும் என்று கைக்குத் தெரியும். தகட்டை மங்கிய சிவப்பு வரும்வரை நெருப்பில் காட்டி, ஆறவிட்டு, மறுபடியும் தொடங்குவார்.

உள்ளே நடப்பது இதுதான். பித்தளை கோடானுகோடி நுண்பளிங்குகளின் தொகுதி. அடி விழும்போது, பளிங்குகளுக்குள் அணு வரிசைகளில் உள்ள சிறு பிசகுகள் நகர்வதால் உலோகம் வளைந்து கொடுக்கிறது. அடி கூடக்கூடப் பிசகுகளும் பெருகி, பெரஹரா இரவில் தலதா வீதியில் நெரிபடும் கூட்டத்தைப் போல ஒன்றையொன்று நகரவிடாமல் மறிக்கின்றன. இந்த நெரிசல்தான் விறைப்பு. போதிய சூடு கிடைத்தால் பழைய பளிங்குகளின் இடத்தில் பிசகு குறைந்த புதியவை வளர்கின்றன. தகடு மறுபடி இளகுகிறது.

ரவைக் கோதும் இதே வழியில்தான் பிறக்கிறது. செம்பு 70 சதவீதம், நாகம் 30 சதவீதம் கலந்த வட்டத் தகட்டைக் கிண்ணமாக அமுக்கி, பிறகு பல தடவை இழுத்து நீட்டுவார்கள். இழுப்புகளுக்கு இடையில் ஒவ்வொரு தடவையும் சூடு. அடிப்பாகத்தைக் கடினமாகவே விட்டுவிட்டு, வாயையும் கழுத்தையும் மட்டும் கடைசியாக இளக்குவார்கள். படைகளுக்கான பல கோதுகளின் கழுத்தில் நீலமும் பழுப்பும் கலந்த வளையம் தெரியும். அது அந்தக் கடைசிச் சூட்டின் தடம்.

சுடும்போது கோதுக்குள் எழும் அமுக்கம், ரைபிள் ரவை என்றால், வளிமண்டல அமுக்கத்தைப் போல 4,000 மடங்கு அளவுக்குப் போகும். அந்தக் கணத்தில் பித்தளை விரிந்து குழாய்ச் சுவரோடு ஒட்டி வாயுவை அடைக்கிறது, அடுத்த கணமே சற்றுச் சுருங்கி வெளியே வர இடம் கொடுக்கிறது. விரிந்ததெல்லாம் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. சுட்டு, பழைய அளவுக்கு அமுக்கி, மறுபடி சுடும்போது உலோகம் சிறிது சிறிதாகக் கழுத்தை நோக்கி ஊர்ந்து கோது நீள்கிறது. .308 வின்செஸ்டர் ரவையின் கோது 51.18 மில்லிமீற்றரைத் தாண்டக் கூடாது. சீவும்போது 50.93 வரை குறைப்பார்கள். கால் மில்லிமீற்றர்தான் இடைவெளி. தாண்டினால் கோதின் வாய் முன்சுவரில் நெரிபட்டுக் குண்டை இறுகப் பிடித்துக்கொள்ளும், அமுக்கம் ஆபத்தான அளவுக்கு ஏறும்.

துப்பாக்கியும் வெடிமருந்தும் அனுமதிப்பத்திரத்துக்குள் அடங்கிய இலங்கையில் கோதைச் சீவி மறுபடி நிரப்புவது வீட்டில் செய்யும் வேலையல்ல. அமெரிக்காவில் குறிசுடும் போட்டிக்காரர்கள் பலர் நூற்றுக்கணக்கான கோதுகளைத் தாங்களே சீவி மறுபடி நிரப்புகிறார்கள். கைப்பிடி சுற்றும் கருவி போதுமா, மோட்டார் வைத்தது வேண்டுமா என்பது அவர்களுக்குப் பெரிய கேள்வி. வேகத்தைவிட முக்கியம், கருவி எதைத் தொட்டு நீளத்தை அளக்கிறது என்பது. கோதின் அடியிலிருந்து அளப்பவை உண்டு, கழுத்துக்குக் கீழே விரியும் தோள்பட்டையைப் பிடித்து அளப்பவையும் உண்டு. இரண்டாவது வகை வேகமானது. ஆனால் தோள் எல்லாக் கோதிலும் ஒரே இடத்தில் இருந்தால்தான் வெட்டும் ஒரே அளவில் விழும், அதனால் முதலில் உருவத்தைச் சரிசெய்துவிட வேண்டும். ஆனால் பலமுறை சுட்டு அமுக்கியதில் விறைத்த கழுத்து பிறகு எப்படியும் கீறத்தான் போகிறது. அதை எவ்வளவு நேர்த்தியாக வெட்டியும் பயனில்லை. என்னைக் கேட்டால், வெட்டும் கருவிக்குச் செலவழிக்கும் அக்கறையில் பாதியாவது கழுத்துக்குக் காட்டும் சூட்டுக்குப் போக வேண்டும்.

படைக் கோதுகளின் கீறலுக்கும் மருந்து சூடுதான். சுமார் 250 பாகை செல்சியஸில் சிறிது நேரம் வைத்தால், விறைப்பு பெரிதாகக் குறையாமலே உள்ளே அடைபட்ட தகைப்பு தளர்ந்துவிடும். பிறகு அமோனியா பட்டாலும் பளிங்குகளின் எல்லைக்கோடு வழியே பிளப்பு ஓடுவதற்கு இழுக்கும் விசை இல்லை.

கண்டியப் பட்டறைகளை அக்கறையோடு பதிவு செய்தவர் ஆனந்த குமாரசுவாமி. 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிமவியல் அளவைக்குப் பணிப்பாளராக இருந்த புவியியலாளர் அவர். மெழுகில் உருச் செய்து, களிமண் பூசி, மெழுகை உருக்கி வடித்த இடத்தில் உலோகத்தை வார்க்கும் முறையை 1908 இல் வெளியான தம் பெருநூலில் விவரித்தார். அப்படி வார்த்த கனமான விளக்குக்கு இந்தக் கீறல் பயம் மிகக் குறைவு. பயமெல்லாம் தகட்டை அமுக்கியும் சுழற்றியும் மெல்லியதாகச் செய்த குடம், செம்பு, தட்ட விளிம்பு ஆகியவற்றுக்குத்தான். கடைசித் தட்டலுக்குப் பிறகும் சூடு காட்டினால் மேற்பரப்பு கறுக்கும், மறுபடி மினுக்க வேண்டிவரும். அவசரத்தில் விடுபடக்கூடியது அந்தச் சூடுதான். பேராதனைப் பொறியியல் பீடத்துக்கும் பிலிமத்தலாவைக்கும் அதிக தூரமில்லை. இந்தப் பாத்திரங்களின் தகைப்பை அளந்து, எந்த வெப்பத்தில் எவ்வளவு நேரம் போதும் என்று பட்டறைக்காரருக்குச் சொல்லிக்கொடுக்கும் மாணவர்கள் வந்தால் எவ்வளவு நல்லது!

வீட்டிலே செய்யக்கூடியதும் உண்டு. மெல்லிய பித்தளைப் பாத்திரங்களை மாட்டுக்கொட்டில், கோழிக்கூடு, கழிவறை ஆகியவற்றுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். அமோனியா கலந்த துப்புரவுத் திரவங்களும் வேண்டாம். புளி போட்டுத் தேய்த்தால் நன்றாகக் கழுவி ஈரம் போகத் துடையுங்கள். குடத்தின் வாயில் ஏற்கெனவே கீறல் விழுந்திருந்தால், பற்றவைக்கக் கொடுக்கும்போது முதலில் வாய் முழுவதையும் மெதுவாகச் சூடாக்கித் தரச் சொல்லுங்கள். தகைப்பு உள்ளேயே இருந்தால், பற்றுக்குப் பக்கத்திலேயே அடுத்த கீறல் கிளம்பக்கூடும்.